இரண்டு வருடக் காடு

முனைவர் பட்டம் வாங்கியவரிடம் ஊரில் முதலில் கேட்பது, "எங்கே வேலை?" என்பதுதான். காடு, கடல், காற்று, மண் என்று இயற்கையைப் படித்தவர்களால் அதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவில் போஸ்ட்டாக் என்று ஒரு காலம் கிடக்கிறது. மாதாமாதம் பணம் வரும், ஆனால் அதை உத்தியோகம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒப்பந்தம். அதற்குள் ஆராய்ச்சியைத் தொடங்கி, முடித்து, கட்டுரையாக்கி, அடுத்த இடத்தையும் தேடிக்கொள்ள வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அந்தக் காலத்தை நான் பனாமா நாட்டில், ஒரு தீவுக் காட்டில் கழித்தேன். இப்போது என் மாணவி ஒருத்தி அதே கட்டத்தில் நிற்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைக்கும் இன்றைக்கும் மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் எனக்குக் கவலை தருகிற விஷயம் ஒன்று இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அப்போது வெளிநாட்டில் யார் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடு. பல்கலைக்கழக நூலகத்துக்கு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 'கரண்ட் கன்டென்ட்ஸ்' என்ற சிறிய வார இதழ் வரும். அதில் கட்டுரைகள் இருக்காது. உலகத்து ஆய்விதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் அப்படியே அச்சிட்டிருப்பார்கள், பின்னால் ஆசிரியர்களின் முகவரிகள் இருக்கும். தலைப்பைப் பார்த்து, முகவரியை நோட்டில் எழுதிக்கொண்டு, கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பும்படி அட்டை போடுவோம். 'நேச்சர்', 'சயன்ஸ்' இதழ்கள் கப்பல் தபாலில் மாதக்கணக்கில் பிந்தி வரும். அவற்றின் கடைசிப் பக்கங்களில் போஸ்ட்டாக் விளம்பரங்களைப் படிக்கும்போது விண்ணப்பத் தேதி எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் படிப்போம். எந்த ஊரில் எந்தக் கேள்விக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அதிலிருந்துதான் தெரியும்.

நான் நீலகிரி அடிவாரத்து இலையுதிர் காட்டில் மரக்கன்றுகளை வைத்து முனைவர் பட்டம் செய்தவள். விழுந்த விதைகளில் எத்தனை முளைக்கின்றன, முளைத்ததில் எத்தனை அடுத்த கோடையைத் தாண்டுகின்றன, தீயும் யானையும் மானும் போக மிஞ்சுவது எது என்பதே என் ஆய்வு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை தபாலில் வர ஆகிற காலம் யார் கையிலும் இல்லை. அந்தக் காத்திருப்பில், என் அட்டையைப் பார்த்து ஒரு கட்டுரையை அனுப்பிவைத்த ஆராய்ச்சியாளருக்கு நீல ஏரோகிராம் ஒன்று எழுதினேன். ஏரோகிராமில் மடிப்புக்குள் அடங்குகிற அளவுதான் எழுத இடம். என் காட்டில் நான் பார்த்ததைச் சொல்லி, அவர்களுடைய காட்டிலும் அப்படித்தானா என்று கேட்டிருந்தேன். வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. வந்து பாருங்கள், பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தில் இந்த ஃபெல்லோஷிப்புக்கு இன்ன தேதிக்குள் விண்ணப்பியுங்கள் என்று எழுதியிருந்தார்.

எல்லோருக்கும் இந்த வழி திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நூலகம் உள்ள நகரத்தில் இருந்தேன், ஆங்கிலத்தில் எழுத வந்தது, தபால் செலவுக்கும் தட்டச்சுக்கும் வீட்டில் பணம் இருந்தது. என்னைவிடக் கூர்மையான கண் உள்ள பலர் மாவட்டக் கல்லூரிகளில் அந்த இதழ்களைப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள். பெண்களை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பழைய நாள் நல்ல நாள் என்று இதை எழுதவில்லை.

பரோ கொலராடோ என்பது அந்தத் தீவின் பெயர். பனாமா கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். கட்டுன் ஏரி நிறைந்தபோது ஒரு குன்றின் உச்சி மட்டும் நீருக்கு மேலே நின்று தீவாகிவிட்டது. கால்வாய் திறந்தது 1914-ல். 1923-ல் தீவு முழுவதையும் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கினார்கள். கம்போவா என்ற சிற்றூரிலிருந்து காலையில் படகு போகும். ஒரு பக்கம் மாடிவீடு போல அடுக்கிய பெட்டிகளோடு சரக்குக் கப்பல்கள், மறு பக்கம் உறுமுகிற குரங்குகள் வாழும் காடு. மழைக்காலத்தில் புத்தகம், துணி, காலணி எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். காட்டுக்குள் போய்வந்தால் உண்ணி பொறுக்குவதே மாலை வேலை. சாப்பாட்டைப் பற்றி வீட்டில் கவலைப்பட்டார்கள். ஆனால் பனாமாக்காரர்கள் நம்மைப் போலவே சோறு சாப்பிடுகிறவர்கள். தேங்காய்ப்பால் விட்டுத் துவரையோடு சேர்த்து வேகவைத்த சோறு அங்கே விசேஷ உணவு. துவரையை அவர்கள் குவாண்டு என்கிறார்கள். முதல் வாய் வைத்ததுமே எனக்கு ஊர் பிடிபட்டுவிட்டது.

தீவின் நடுவில் ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலத்தில் 50 ஹெக்டேர் நிலம் அளந்து விட்டிருந்தார்கள். ஸ்டீவன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இருவர் 1980-ல் தொடங்கிய வேலை அது. ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்தண்டையும், பெரிய மரம் சின்னச் செடி என்று பாராமல், அளந்து, இனம் கண்டு, அலுமினிய எண் தகடு கட்டி, வரைபடத்தில் குறித்திருந்தார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள், சுமார் 300 இனங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அத்தனையையும் திரும்ப அளக்க வேண்டும். எது செத்தது, எது எவ்வளவு பருத்தது, புதிதாக எது வந்தது என்று குறிக்க வேண்டும். வேர்ப்பலகைகள் சுவர்போல் எழும் மரங்களுக்கு ஏணி வைத்து, பலகைக்கு மேலே டேப்பைச் சுற்றுவோம். அளந்த இடத்தில் பெயின்டால் கோடு போட வேண்டும். அடுத்த தடவை அளப்பவர் அதே கோட்டில் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். யாரென்று தெரியாத ஒருவர் போட்ட கோட்டில் நான் டேப்பைச் சுற்றியபோது வந்த உணர்வு இன்றும் நினைவிருக்கிறது. எனக்குப் பின்னால் வருகிறவருக்காக நானும் கோட்டை அழுத்திப் போட்டேன்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என் ஆய்வுக் கேள்வியையே சொல்கிறேன். வெப்பமண்டலக் காட்டில் ஏன் இத்தனை இனங்கள்? ஒரே இனம் வெற்றிபெற்று மற்றவற்றை விரட்டாமல் ஏன் இருக்கிறது? டேனியல் ஜான்சனும் ஜோசஃப் கானலும் 1970-லும் 1971-லும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். தாய்மரத்தின் அடியில் விழும் விதைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அந்த இனத்துக்கென்றே இருக்கிற பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் குவிந்திருக்கும். எட்டப் போய் விழும் விதை பிழைக்கும், தாயின் காலடியில் வேறு இனத்துக்கு இடம் கிடைக்கும். கேட்க அழகான விடை. சரியா என்று பார்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கன்றுகளை ஒவ்வொன்றாக, வருடம் விட்டு வருடம், உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். குறுக்குவழி இல்லை. என் ஃபெல்லோஷிப் காலம் முழுவதும் மண்டியிட்டுக் கன்று எண்ணினேன். நான் எண்ணியவை எனக்கு முன் எண்ணியவர்களின் பட்டியலோடு சேர்ந்தன. அந்தப் பட்டியல் பிறகு வந்தவர்களின் ஆய்வுகளுக்கு அடித்தளமானது.

அந்தத் தீவில் டாக்கிகாலி என்று ஒரு மரம் உண்டு. விதானத்தைத் தொடும் பெரிய மரம். வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்துவிட்டுச் செத்துப்போகும். நமக்கு இது புதிதல்ல, நம் மூங்கிலும் அப்படித்தான். நீலகிரிக் குறிஞ்சி 12 வருடம் காத்திருந்து பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. டாக்கிகாலி எத்தனை வருடம் வளர்ந்து பூக்கிறது, அது சாயும்போது விழும் வெளிச்சத்தில் அதன் கன்றுகள் பிழைக்கின்றனவா என்று தெரிய ஒருவருடைய ஆயுள் போதாது. இப்படிப்பட்ட உயிர்களைப் படிக்க வருகிறவருக்கு நாம் தருகிற ஒப்பந்தம் இரண்டு வருடம்.

அன்றும் ஒப்பந்தம் குறுகியதுதான். ஆனால் அந்தக் காலத்துக்குள் யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. தீவில் வாரத்துக்கு ஒருநாள் மாலையில் கருத்தரங்கு நடக்கும். வௌவால் ஆய்வாளர், எறும்பு ஆய்வாளர், ஏரித் தண்ணீரைப் படிப்பவர் என எல்லோரும் ஒரே கூடத்தில் இருப்போம். என் கன்றுகள் ஏன் ஒரு பக்கம் மட்டும் அதிகம் சாகின்றன என்று நான் கேட்டதற்கு எறும்பு ஆய்வாளர் ஒருவர் மறுநாள் என்னோடு காட்டுக்கு வந்துவிட்டார். கட்டுரை எத்தனை ஆயிற்று என்று அந்த வருடங்களில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேள்வி எங்கே போகிறது என்றுதான் கேட்டார்கள்.

போஸ்ட்டாக் காலத்தில் உலகத்துக்கே தேவையான வேலை நடந்திருக்கிறது. சார்லஸ் கீலிங் 1950-களில் கால்டெக்கில் போஸ்ட்டாக். காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளக்கும் கருவியைத் தானே செய்துகொண்டார். கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரைக் காட்டில் கூடாரம் போட்டு, இரவு பகலாகக் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்தார். இடத்துக்கு இடம் மாறும் என்று எல்லோரும் நம்பிய அளவு, பிற்பகலில் எங்கே எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதைக் கண்டார். அந்தப் பொறுமைதான் அவரை ஸ்கிரிப்ஸ் கடலியல் கழகத்துக்கும், அவருடைய அளவெடுப்பை 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா மலைக்கும் கொண்டுபோனது. முதல் அளவு பத்து லட்சத்தில் 313 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடேறுவதைப் பற்றி நாம் பேசுகிற எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கோடுதான் இருக்கிறது. 1964-ல் பணம் வெட்டப்பட்டதால் சில மாதங்கள் அளவெடுப்பு நின்றது. வரைபடத்தில் அந்த இடம் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

மரியோ மோலினா 1973-ல் கலிஃபோர்னியாவின் இர்வைனில் ஷெர்வுட் ரோலண்டிடம் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தார். ரோலண்ட் சில ஆய்வுத் தலைப்புகளை முன்வைத்து விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். குளிர்பதனப் பெட்டியிலிருந்தும் ஸ்பிரே டப்பாவிலிருந்தும் கசிகிற வாயுக்கள் கடைசியில் எங்கே போகின்றன என்பதை மோலினா எடுத்தார். அவை மேலே போய்ச் சூரிய ஒளியில் உடைந்து, குளோரினாகி, ஓசோனைத் தின்னும் என்று இருவரும் 1974 ஜூனில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1995-ல் பால் குரூட்சனோடு இருவருக்கும் நோபல் பரிசு. அந்தச் செய்தி வந்தபோது நான் ஊர் திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்தேன். செய்தித்தாளை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அதே வாயுக்கள் வெப்பத்தையும் பிடித்துவைக்கும், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலுவாக என்று 1975-ல் சொன்னவர் வீ. ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வாயுக்கசிவைக் கவனித்த வேலையிலிருந்து ஆராய்ச்சிக்குப் போனவர். முனைவர் பட்டம் முடித்துச் சிறிது காலமே ஆகியிருந்தபோது நாசாவின் லாங்லி மையத்தில் இருந்து அந்தக் கட்டுரையை எழுதினார். எம்.எஸ். சுவாமிநாதனும் கேம்பிரிட்ஜில் பட்டம் முடித்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் போஸ்ட்டாக்காக உருளைக்கிழங்கு இனங்களில் வேலை செய்தவர். அங்கேயே ஆசிரியர் வேலை தருவதாகச் சொல்லியும் 1954-ல் இந்தியா திரும்பினார். திரும்பியபோது இங்கே அவருக்காக வேலை காத்திருக்கவில்லை. கட்டாக்கில் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக இடத்தில் இருந்துவிட்டுத்தான் டெல்லி போனார்.

திரும்பி வந்தவர்கள் கதை எல்லாக் காலத்திலும் கடினமானதுதான். எனக்குக் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்தது. வாரம் முழுவதும் வகுப்பு, மீதி நேரத்தில் காடு. நீலகிரி அடிவாரத்தில் என் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே சிறிய ஆய்வுத் துண்டு ஒன்றை அளந்து, மரங்களுக்குத் தகடு கட்டினேன். முதுமலையில் 1988-லிருந்து இந்திய அறிவியல் கழகத்தின் 50 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. பனாமாவின் உடன்பிறப்பு அது. பனாமாவில் 2 லட்சம் தண்டுகள் என்றால் அங்கே முதல் கணக்கில் சுமார் 26 ஆயிரம்தான், இனங்கள் 70 சொச்சம். குறைவு என்பதால் எளிது என்று நினைக்கக் கூடாது. தீ வருகிறது, யானை கிளையை ஒடிக்கிறது, வறட்சி வருகிறது, எந்த வருடமும் இன்னொரு வருடம் போல் இல்லை. என் துண்டு அதைவிட எவ்வளவோ சிறியது. அதையும் வருடாவருடம் அளந்து வந்தோம். அளந்ததில் பாதிக்கு மேல் ஒரு இருளர் அண்ணனின் கை. இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் மரத்தின் பட்டையை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்துப் பெயர் சொல்வார். "இது வெக்காலி அம்மா, அது கருமருது" என்பார். அவர் சொல்லி நான் எழுதியதை எந்த நிபுணரும் திருத்தியதில்லை.

இப்போது என் மாணவி. அவள் அந்தத் துண்டில்தான் பட்டம் செய்தாள். பட்டம் முடிந்தபோது அவளுக்கு உலகமே கைக்குள் இருந்தது. எந்த ஊரில் எந்தப் பதவி காலி என்று விளம்பரம் வந்த நிமிடமே அவள் போனுக்கு வந்துவிடும். நான் மாதக்கணக்கில் காத்திருந்த கட்டுரைகள் நொடியில் திறக்கின்றன. நேர்காணல் கணினியில் நடக்கிறது. அமெரிக்க மேற்குக்கரை ஆட்கள் வசதியான நேரம் சொன்னால் அது நமக்கு நள்ளிரவு. எதிர்வீட்டு விளக்கெல்லாம் அணைந்தபின் புடவை கட்டிக்கொண்டு, பின்னால் சுவர் சுத்தமாகத் தெரிகிற இடத்தில் அவள் உட்கார்ந்து பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். சிறு ஊரிலிருந்து வந்த பெண் உலகத்தின் எந்த மூலைக்கும் விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய மாற்றம். அதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

ஆனால் கதவு திறந்ததும் கூட்டமும் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு 2024-ல் வந்த விண்ணப்பங்கள் 10,360. 2025-ல் 17,000-ஐத் தாண்டின. அமெரிக்கா பக்கம் கதவு சாத்திக்கொண்டு வருகிறது. 2025 மே மாதத்தில் மாணவர், ஆய்வாளர் விசா நேர்காணல்களுக்குப் புதிதாகத் தேதி கொடுப்பதையே நிறுத்திவைத்தார்கள். மறுபடி தொடங்கியபோது விண்ணப்பிப்பவரின் சமூக ஊடகப் பக்கங்களையெல்லாம் திறந்து காட்டச் சொன்னார்கள். வானிலை, கடல் ஆய்வுக்கான அவர்களுடைய தேசிய நிறுவனத்தில் அந்த வருடத் தொடக்கத்திலேயே நூற்றுக்கணக்கானோர் நீக்கப்பட்டார்கள். 2026-க்கான அரசு நிதி முன்மொழிவில் மௌனா லோவா நிலையத்துக்கும் பணம் இல்லை. கீலிங் ஆயுள் முழுவதும் பணத்துக்காகப் போராடிக் காத்த கோடு அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

ஜெர்மனியில் இன்னொரு வகை. அங்கே 2007-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம், அவ்வளவுதான் ஒருவரைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம். அதற்குள் நிரந்தரம் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தை விட்டே போக வேண்டியதுதான். சட்டம் போட்டவர்களின் நோக்கம் ஆளை நிரந்தரமாக்கத் தூண்டுவது. நடந்தது வேறு. 2021-ல் 'நான் ஹன்னா' என்ற பெயரில் அங்குள்ள ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் நிலையை வெளியே சொன்னார்கள்.

நம் ஊரில் நிலைமை எப்படி? 2015-ல் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் தொடங்கியது உண்மையிலேயே நல்ல காரியம். அதற்கு முன் பட்டம் முடித்தவர்களில் பலர் ஏதாவதொரு ப்ராஜெக்டில் ரிசர்ச் அசோசியேட்டாக ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தத் திட்டத்தில் தன் கேள்வியோடு, தான் விரும்பும் வழிகாட்டியிடம் போகலாம். காலம் இரண்டு வருடம், தொடக்கத்தில் மாதம் 55,000 ரூபாய். வயது வரம்பு 35, பெண்களுக்கும் சமூக ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடச் சலுகை. ரிசர்ச் அசோசியேட் ஊதியம் 2023 ஜனவரியிலிருந்து முதல் நிலையில் 58,000 ரூபாய், வீட்டுவாடகைப் படி தனி. தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மாணவி ஒரு ப்ராஜெக்டில் இருந்தபோது அவளுக்குப் பணம் தர வேண்டிய அலுவலகத்திலிருந்து மாதங்கள் கழித்தே பணம் வந்தது. நடுவில் காட்டுக்குப் போகும் ஜீப் வாடகையைத் தன் நகையை அடகு வைத்துக் கொடுத்தாள். என்னிடம் சொல்லவில்லை, பிறகுதான் தெரிந்தது. வாடகை தராவிட்டால் அந்த வருட அளவெடுப்பு நின்றுவிடும், நின்றால் அந்த இடம் என்றென்றைக்கும் வெறுமையாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வயது வரம்பைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஆய்வகத்தில் ஒரு சோதனையை வாரத்தில் மூன்று முறை திரும்பச் செய்யலாம். காட்டில் ஒரு மழைக்காலத்துக்கு ஒருமுறைதான். தீப்பிடித்த வருடம் கணக்கில் சேராது. வனத்துறை அனுமதி ஒரு பருவம் பிந்தினால் ஒரு வருடம் போச்சு. இப்படிப் பட்டம் முடிக்கவே முப்பதைத் தாண்டிவிடுகிறது. பெண் என்றால் நடுவில் திருமணம், குழந்தை, வீட்டில் முதியவர். அவர்களைப் பிறந்த தேதியால் தட்டிவிடுவதில் என்ன நியாயம்? ஆராய்ச்சி அனுபவத்தைக் கணக்கிடுங்கள், வயதை விடுங்கள். இதை நான் உட்கார்ந்த ஒவ்வொரு குழுவிலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது வேறு. விளம்பரங்களில் கேட்கப்படும் தகுதிகளைப் பாருங்கள். செயற்கைக்கோள் படம், லைடார், மெஷின் லேர்னிங், பைத்தான். இவற்றின் அருமை எனக்குத் தெரியும். ஒரு காடு முழுவதையும் மேலிருந்து ஒரே நாளில் பார்க்க நாங்கள் ஏங்கியிருக்கிறோம். ஆனால் மேலிருந்து பார்த்ததைச் சரிபார்க்க யாராவது கீழே நின்று மரத்தைச் சுற்றி டேப் பிடித்திருக்க வேண்டும். பனாமாவில் தொடங்கிய முறையில் இன்று உலகெங்கும் 70-க்கும் மேற்பட்ட நிலங்கள் அளக்கப்படுகின்றன. அந்தத் தரவைச் சேர்த்து ஆராயும் போஸ்ட்டாக்குக்கு இரண்டு வருடத்தில் நல்ல கட்டுரைகள் வரும், அடுத்த வேலையும் கிடைக்கலாம். தரவைச் சேகரிக்கும் போஸ்ட்டாக்குக்கு இரண்டு வருடம் கழித்து மிஞ்சுவது இரண்டு வரிசை எண்களும், தேய்ந்த செருப்பும். புத்திசாலிப் பிள்ளைகள் எதைத் தேர்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நான் அவர்கள் இடத்தில் இன்று இருந்தால் எனக்கும் வேறு வழி இருந்திருக்காது. அன்று கன்று எண்ணுவதே வேலை என்று ஏற்றுக்கொண்ட நிறுவனமும், எண்ணியவளை மதித்த பெரியவர்களும் இருந்ததால் எண்ணினேன். அளக்கிற இளைஞருக்கு ஐந்து வருடமாவது தொடர்ச்சியாகக் கொடுக்க வேண்டும், ஒரு முழு அளவெடுப்புச் சுற்று அவர் கையில் முடிய வேண்டும். அவர் சேகரித்த தரவைக் கட்டுரைக்குச் சமமாக எண்ண வேண்டும். அளக்கும் கை ஒன்று, பெயர் வாங்கும் கை இன்னொன்று என்று நெடுநாள் போனால் அளக்க ஆள் இருக்காது.

என் மாணவிக்குப் போன மாதம் இரண்டு இடங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில், பல நாட்டுக் காட்டுத் தரவுகளைச் சேர்த்து ஆராயும் இரண்டு வருடப் பதவி. மற்றது இங்கே, எங்கள் துண்டையும் சேர்த்து நீலகிரி அடிவாரத்தில் அளக்கும் ப்ராஜெக்ட். ஒரு வருடம், பணம் வந்தால் நீட்டிப்பு. "மேடம், நீங்க சொல்லுங்க" என்று கேட்டாள். கணவர் கோயம்புத்தூரில். மாமியார் உடம்புக்கு முடியாதவர். இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தோம். லைப்சிக்குக்குப் போ என்றேன். ஒரு வருடத் தாளை நம்பி அவளை இங்கே இருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் எடுத்துப் போகும் அறிவில் எங்கள் வெக்காலியும் கருமருதும் உண்டு. அந்தத் தரவில் நம் காட்டைப் பற்றித் தவறாக எழுதியிருந்தால் எழுந்து சொல்ல அங்கே ஒரு ஆள் இருப்பாள்.

இங்கே அவள் இடத்துக்குப் புதிய ஆள் எடுக்க விளம்பரம் போட வேண்டும். கோப்பு மேசையில் இருக்கிறது என்கிறார்கள். கோடை மழைக்கு முன் அளவெடுப்பு முடிய வேண்டும் என்பதால் மார்ச் முதல் வாரத்தில் தொடங்கிவிடுவோம். இருளர் அண்ணனுக்கு இப்போது முட்டி வலி, மேட்டில் ஏற முடியவில்லை. அவருடைய மகன் டேப் பிடிக்கிறான், அவர் கீழே உட்கார்ந்து பெயர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். விமானத்துக்கு முந்தைய இரண்டு வாரம் தானும் வருவதாக மாணவி சொல்லியிருக்கிறாள். பெயின்ட் டப்பா மட்டும் இன்னும் வாங்கவில்லை.